கோல்டு ஃபிஷ்ஷுக்கு வெள்ளைப் புள்ளி, ஒன்பது நாளாக மருந்து போட்டும் போகவில்லை

சரண்யா (வில்லிவாக்கம்)
ஜனவரி 23, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி. போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் பையன் பிறந்தநாளுக்கு நாலு கோல்டு ஃபிஷ் வாங்கினோம். அப்போது ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்தான். இப்போது வாலை விட்டுவிட்டு அளந்தாலே மூன்று இஞ்ச். இந்தப் பதினாலு மாசத்தில் ஒரு நோய் நொடி கிடையாது. பையன் எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருக்கிறான். ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற இரண்டும் பூந்தி, ஜாங்கிரி. வெள்ளையும் சிவப்பும் கலந்தது கேசரி. தலையில் சதை வளர்ந்த ஒராண்டா, லட்டு.

போகிக்கு வீடு ஒழிக்கும்போது தொட்டியையும் துடைத்தேன். அப்போதுதான் பூந்தியின் முகத்தருகே ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் பட்டன. ஜாங்கிரிக்கும் இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். பார்த்தவுடனே வெள்ளைப் புள்ளி நோய், இப்படியே விட்டால் எல்லா மீனும் போய்விடும் என்றார்கள். தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கொதிக்கிற தண்ணீரில் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் போடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். புள்ளி போகவில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை இதையே செய்யச் சொன்னதால் 16ஆம் தேதியும் 19ஆம் தேதியும் மறுபடி செய்தேன். தண்ணீர் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்தது. குளோரின் போக ஹைப்போ போட்டுத்தான் விடுகிறேன்.

முதல் தடவை மாற்றின இரண்டாம் நாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. நேற்று காலையில் பார்த்தால் லட்டு ஃபில்டர் மேல் சாய்ந்து கிடந்தது. ராத்திரியே இறந்திருக்க வேண்டும். பையன் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

மிச்சம் மூன்றும் துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கின்றன. வாலில் ரத்தக் கோடு மாதிரி சிவப்பாக இருக்கிறது. கேசரியின் வாய் ஓரத்தில் கரி பூசின மாதிரி கறுப்பு. கடையில் இப்போது ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? வேறு மருந்து ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

பிரவீன் (திருப்பூர்)
ஜனவரி 23, இரவு 10.25

அக்கா, பயப்படாதீர்கள். வெள்ளைப் புள்ளி நோய் குணமாகும். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

மருந்து போட்டும் ஏன் போகவில்லை என்றால், நாம் பார்க்கிற புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதற்கு எட்டாது. தின்று பெருத்ததும் மீனை விட்டுக் கீழே விழும். கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு மேலே ஒரு கூடு கட்டி உள்ளுக்குள் நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்து மீனைத் தேடி நீந்துமே, அந்தச் சமயத்தில்தான் மருந்து வேலை செய்யும். 25, 26 டிகிரியில் இந்தச் சுற்று முடிய நாலைந்து நாள் ஆகும். குளிர் கூடினால் சுற்றும் நீளும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது நிறுத்தக் கூடாது.

எனக்கு ஐப்பசி மழையில் வந்தது. புதிதாக வாங்கின ஆறு டைகர் பார்ப் மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் தொட்டி முழுக்கப் புள்ளி. ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 டிகிரிக்கு ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு போட்டு, பன்னிரண்டு நாள் வைத்தேன். 30 டிகிரிக்கு மேல் அந்த ஒட்டுண்ணி பெருக முடியாமல் திணறும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் இரண்டு போட்டேன். இரண்டு பார்ப் போயின, மற்றவை பிழைத்தன.

நீங்களும் நாளைக்கே ஹீட்டர் வாங்கிப் போடுங்கள்.

---

மணிமேகலை (கொளத்தூர்)
ஜனவரி 23, இரவு 11.05

சரண்யா, லட்டு போனதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. பையனை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்கு ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். ஹீட்டர் வேண்டாம், கேப்ஸ்யூல் வேண்டாம், நீல மருந்தும் இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். பிரவீன் தம்பி ஒட்டுண்ணியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் தொட்டியில் அது இருக்கிறது என்று இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூச்சுக்குத் திணறுகிற மீனைச் சூட்டில் வைத்தால் இன்னும் மோசமாகும்.

தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு ஹைப்போ போட்ட தண்ணீரை மெதுவாக விடுங்கள். கையை முக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பாதி. ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். ஃபில்டரைத் தொடாதீர்கள், கழுவாதீர்கள். நாளைக்கும் மறுநாளும் தீனி போடாதீர்கள். பையன் கெஞ்சினாலும் வேண்டாம். கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி தாங்கும்.

காலையில் ஒரு அமோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள், சொட்டு விடுகிற வகை. மருந்து நீலம் இருக்கும்போது பார்த்தால் மஞ்சளும் பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால்தான் இரண்டு தடவை பாதி பாதியாக மாற்றச் சொன்னேன். நிறம் வெளுத்த பிறகு பாருங்கள்.

அப்புறம், டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இருந்து நிதானமாகப் பார்த்து எனக்கு இதைச் சொல்லுங்கள். புள்ளி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? வாலிலும் முதுகிலும் உண்டா? போகி அன்றைக்கு எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் கூடியிருக்கிறதா? லட்டுவுக்குப் புள்ளி இருந்ததா? மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்தனவா? போகிக்கு முன்னால் யாராவது யாரையாவது துரத்திக்கொண்டிருந்தார்களா?

---

சரண்யா
ஜனவரி 24, காலை 10.50

அக்கா, நீங்கள் சொன்னபடி ராத்திரி இரண்டு தடவை மாற்றினேன். ஒன்றரை மணிக்குத்தான் படுத்தேன். காலையில் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. வாய் திறப்பது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

டெஸ்ட் கிட் வாங்கினேன். 5 மில்லி தண்ணீரில் இரண்டு பாட்டிலில் இருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தேன். பச்சை. அட்டையில் 1 என்ற கட்டத்தோடு பொருந்துகிறது. பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 8.

புள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது நானே ஆச்சரியப்பட்டேன். பூந்திக்கும் ஜாங்கிரிக்கும் செவுள் மூடி மேல் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் பக்கத்தில் கை மாதிரி இருக்கிற இரண்டு துடுப்பிலும், முன்னால் இருக்கிற தடித்த முள் மேல் மட்டும் வரிசையாக, தையல் போட்ட மாதிரி. எல்லாம் ஒரே அளவு. வாலில் இல்லை, முதுகில் இல்லை. போகி படத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கேசரிக்கு ஒன்றுகூட இல்லை. லட்டுவுக்கும் இல்லை, அதன் எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். உடம்பைத் தேய்த்ததாக ஞாபகம் இல்லை.

துரத்தியது உண்மைதான். மார்கழி கடைசியில் பூந்தியும் ஜாங்கிரியும் காலை நேரத்தில் கேசரி பின்னாலேயே முட்டி முட்டிப் போகும். சண்டை போடுகின்றன என்று பையன் கண்ணாடியைத் தட்டுவான்.

---

மணிமேகலை
ஜனவரி 24, மதியம் 2.15

சரண்யா, இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

பூந்திக்கும் ஜாங்கிரிக்கும் நோயே இல்லை. இரண்டும் ஆண். வயசுக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒரு வயசு வாக்கில், இனப்பெருக்கப் பருவத்தில், செவுள் மூடி மேலும் பக்கத் துடுப்பின் முன் முள் மேலும் வெள்ளையாக, சின்னச் சின்னதாக முளைக்கும். பையன்களுக்கு மீசை அரும்புகிற மாதிரி. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பெண்ணைத் துரத்தி வயிற்றை முட்டும்போது அந்தச் சொரசொரப்பு அதற்கு உதவும். பருவம் போனால் தானாகவே மறையும், அடுத்த பருவத்தில் திரும்ப வரும். எந்த மருந்துக்கும் அது போகாது, ஏனென்றால் அது மீனுடைய தோலே. நீங்கள் தையல் போட்ட மாதிரி என்று எழுதினீர்களே, அதைப் படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுண்ணிக்கு வரிசை தெரியாது. கண்ட இடத்தில், வாலில், முதுகில், கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டும். ஒரு மீனுக்கு வந்து ஒன்பது நாள் ஆனால் நாலுக்கும் வந்திருக்கும். இன்றைக்கு இருக்கிற புள்ளி சில நாளில் உதிர்ந்து, வேறு இடத்தில் புதிதாக வந்திருக்கும்.

அப்படியானால் லட்டு ஏன் போனது? சொல்லத்தான் வேண்டும். அமோனியா.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அமோனியா வெளியே வருகிறது. கழிவில் இருந்தும் மிச்சத் தீனியில் இருந்தும் வருகிறது. அதைத் தின்கிற பாக்டீரியா உங்கள் ஸ்பாஞ்சில் பதினாலு மாசமாகக் குடியிருந்தது. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அவற்றால்தான் நாலு மீனும் இந்தச் சின்னத் தொட்டியில் இத்தனை நாள் நன்றாக இருந்தன. கொதிக்கிற தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவின அன்றைக்கு அவை மொத்தமும் செத்துப்போயின. மறுபடி குடியேறுவதற்குள் இரண்டு தடவை திரும்பக் கழுவினீர்கள், மேலே மருந்து வேறு.

ராத்திரி இரண்டு தடவை பாதி மாற்றின பிறகும் காலையில் 1 காட்டுகிறது. அப்படியானால் மாற்றுவதற்கு முன்னால் 4 இருந்திருக்கிறது. மேலே வந்து வாய் திறந்தது, துடுப்பை ஒடுக்கியது, வாலில் சிவப்புக் கோடு எல்லாம் அதன் வேலை. செவுள் எரிகிறது. கேசரியின் வாய் ஓரத்துக் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமோனியா பட்டு வெந்த இடம் ஆறும்போது கோல்டு ஃபிஷ்ஷுக்கு அப்படித்தான் கறுக்கும். சில வாரத்தில் வெளுக்கும்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை சரண்யா. நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், மாமனார் ஊருக்குப் போயிருந்த சமயம், சிமென்ட் தொட்டியில் முட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த முப்பது ஆண் மீன்களுக்கும் முகத்தில் புள்ளியைப் பார்த்தேன். பாட்டிலில் இருந்த மாலகைட் கிரீன் என்ற மீன் மருந்தைக் கண் அளவில் ஊற்றினேன். மறுநாள் காலையில் பதினொன்று மிதந்தன. மாமனார் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. செத்த மீன் ஒன்றை என் கையில் வைத்து, என் விரலைப் பிடித்து அதன் செவுள் மேல் தடவிக் காட்டினார். அந்தச் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் தொட்டி கணக்குக்கு 56 லிட்டர், கல்லும் மேலே விட்ட இடமும் போக 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 25 லிட்டர் மாற்றுங்கள். மொத்தமாக மட்டும் எப்போதும் மாற்றாதீர்கள். இரண்டு நாள் கழித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மீனுக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை தீனி. இரண்டு நிமிஷத்தில் தீராவிட்டால் வலை போட்டு எடுத்துவிடுங்கள். கல் உப்பு 50 கிராம் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, மூன்று பங்காக, நாலு மணி நேர இடைவெளியில் விடுங்கள். உப்பு ஆவியாகாது. அதனால் 25 லிட்டர் எடுத்தால் 25 கிராம் மட்டும் திரும்பப் போட வேண்டும். இந்த உப்பு இப்போதைக்கு வேண்டியதில்லை போலத் தோன்றும். ஆனால் பத்து நாளில் நைட்ரைட் ஏறும். நைட்ரைட் ரத்தத்தில் சேர்ந்தால் செவுள் சிவப்பு போய்க் காபி நிறமாகும், ரத்தம் ஆக்சிஜனைத் தூக்காது. உப்பில் இருக்கிற குளோரைடு செவுள் வாசலில் நின்று அதை உள்ளே விடாமல் தடுக்கும்.

இன்னொன்று. வில்லிவாக்கத்தில் இருந்து எங்கள் இடம் பத்து நிமிஷம். தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன். எங்கள் கோல்டு ஃபிஷ் தொட்டியில் ஆறு மாசமாக ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று தருகிறேன். மூடி போட்ட டப்பா கொண்டு வாருங்கள். தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கினபடி எடுத்துப் போய், வீட்டுக்குப் போனதும் ஏர் டியூபை மாட்டிவிட வேண்டும். காயக் கூடாது, குழாயில் அலசக் கூடாது. அந்தத் தொட்டியில் போன ஆடியில் இருந்து புது மீன் எதுவும் விடவில்லை, அதனால் தைரியமாகத் தருகிறேன். கடைத் தொட்டியில் இருந்து யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

---

இளங்கோ (தஞ்சாவூர்)
ஜனவரி 24, மாலை 6.30

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். மணிமேகலை அம்மா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பிஹெச் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இங்கே முக்கியம். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது, ஒன்றுதான் கொடிய விஷம். 26 டிகிரியில், பிஹெச் 7 இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பிஹெச் 8 என்றால் கிட்டத்தட்ட ஆறு பங்கு. தண்ணீர் சூடாக ஆக இன்னும் கூடும். சென்னைப் போர் தண்ணீரில் பிஹெச் 8 சாதாரணம். அதே 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) அமோனியா மென்மையான மழைத்தண்ணீரில் இருந்திருந்தால் லட்டு தப்பித்திருக்கக்கூடும். ஹீட்டர் போட வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளைப் புள்ளியா இல்லையா என்ற சந்தேகத்துக்கு நுண்ணோக்கி இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஈரக் கையில் மீனைப் பிடித்து, கண்ணாடித் தகட்டின் விளிம்பால் புள்ளி இருக்கிற இடத்து வழுவழுப்பை வால் பக்கமாக லேசாக வழித்து, ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி இருந்தால் உருண்டையாக, மெல்ல உருண்டு உருண்டு சுழலும். உள்ளே குதிரை லாடம் மாதிரி வளைந்த உட்கரு தெரியும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

---

பிரவீன்
ஜனவரி 24, இரவு 8.10

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். படம்கூடக் கேட்காமல் ஹீட்டர் போடச் சொல்லிவிட்டேன். மணிமேகலை அக்கா பார்த்து நிறுத்தினது நல்லதாகப் போயிற்று.

மணி அக்கா, ஒரு சந்தேகம். என் மோலி மீன் ஒன்றுக்கு வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சை என்று நினைத்து, அதற்கும் 30 டிகிரி வைத்து உப்புப் போட்டிருக்கிறேன். சரிதானா?

---

மணிமேகலை
ஜனவரி 24, இரவு 8.45

தம்பி, உடனே சூட்டைக் குறை! வாயைச் சுற்றிப் பஞ்சு என்றால் பாதிக்கு மேல் அது பூஞ்சை இல்லை, காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. சூடு ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரியில் இரண்டு நாளில் ஒரு தொட்டியையே காலி செய்யும்.

வித்தியாசம் பார்க்கத் தெரிந்துகொள். பூஞ்சை நூல் நூலாக, தண்ணீரில் அசையும். பெரும்பாலும் முன்னாலேயே அடிபட்ட இடத்தில்தான் பிடிக்கும். காலம்னாரிஸ் படலமாக, சாம்பல் கலந்த வெள்ளையாக ஒட்டியிருக்கும், ஓரத்தில் மஞ்சளோ சிவப்போ தெரியும். முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறிப்போனால் சந்தேகமே வேண்டாம். அந்த மோலியை வேறு டப்பாவுக்கு மாற்று, 25 டிகிரிக்கு இறக்கு, தண்ணீர் மாற்று. வலையைப் பொதுவில் வைக்காதே. படம் போட்டுத் தனியாக ஒரு கேள்வி எழுது, இங்கே சரண்யாவின் பேச்சு நடக்கட்டும்.

தங்கத் தூள் தூவின மாதிரி மினுமினுப்பு, செதில் பைனாப்பிள் மாதிரி எழும்பி நிற்பது, இதெல்லாம் வேறு வேறு கதை. ஒவ்வொன்றுக்கும் வேறு வழி. சரண்யாவுக்கு இப்போது அது எதுவும் தேவையில்லை.

---

சரண்யா
பிப்ரவரி 1, இரவு 9.15

எல்லோருக்கும் ஒரு வார விவரம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாளே பையனோடு கொளத்தூர் போனோம். அக்கா வீட்டு மாடியில் சிமென்ட் தொட்டி தொட்டியாக மீன். அக்கா ஒரு ஆண் மீனை ஈரக் கையில் எடுத்து, பையன் விரலால் செவுளைத் தடவச் சொன்னார்கள். "அம்மா, அப்பா தாடி மாதிரி இருக்கு" என்றான். வரும்போது மடியில் அந்த ஸ்பாஞ்ச் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான், ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மூடியைப் பார்த்தான்.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 25ஆம் தேதி அமோனியா 1. 27இல் 0.5. 29இல் அதே 0.5. இன்றைக்கு 0.25. நைட்ரைட் 29ஆம் தேதி வரை பூஜ்யம், இன்றைக்கு 0.5. அக்கா சொன்னபடியே ஏறுகிறது. உப்பு கணக்காகப் போடுகிறேன். தினமும் 25 லிட்டர் மாற்றி இடுப்பு வலிக்கிறது, ஆனாலும் விடவில்லை.

பூந்தி 28ஆம் தேதி முதல் தடவை தீனிக்கு ஓடி வந்தது. துடுப்பு விரிந்துவிட்டது. ஜாங்கிரி வாலில் சிவப்புக் கோடு ஒன்றுதான் பாக்கி. கேசரிக்குக் கறுப்பு இன்னும் கூடி, வால் நுனிக்கும் வந்திருக்கிறது. ஆறுகிற அடையாளம் என்று தெரிந்திருந்தும் பார்க்கும்போதெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது.

புள்ளி அப்படியே இருக்கிறது. இப்போது அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

---

மணிமேகலை
பிப்ரவரி 1, இரவு 10.00

நோட்டில் எழுதுவது ரொம்ப நல்லது. நைட்ரைட் இன்னும் ஒரு வாரம் ஏறி இறங்கும். 1க்கு மேல் போனால் அன்றைக்கு இரண்டு தடவை பாதி பாதி. மூச்சு வேகமாக விட்டால் செவுள் நிறத்தைப் பாருங்கள்.

பழைய ஸ்பாஞ்சும் என்னுடையதும் இரண்டும் ஓடட்டும். அழுக்கு அடைத்து ஏர் குறைந்தால், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பளிச்சென்று இருக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் பிழியாதீர்கள்.

---

சரண்யா
பிப்ரவரி 13, காலை 7.20

அக்கா, மூன்று நாளாக அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். கேசரியின் வாய் ஓரக் கறுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவைதான் மாற்றுகிறேன், உப்பையும் அப்படியே குறைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்போது வேறு கவலை. நேற்று தண்ணீர் மாற்றினேன். இன்று விடிந்ததில் இருந்து பூந்தியும் ஜாங்கிரியும் கேசரியை விடாமல் துரத்துகின்றன. கேசரி வயிறு ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. மூலையில் ஒண்டினாலும் விடவில்லை, ஒரு செதில் விழுந்து கிடக்கிறது. கண்ணாடியில் சின்னச் சின்னதாக, ஜவ்வரிசியை விடச் சின்னதாக ஒட்டியிருக்கிறது. தொட்டால் வரவில்லை. இது என்ன?

---

மணிமேகலை
பிப்ரவரி 13, காலை 7.45

முட்டை! கேசரி முட்டை போட்டிருக்கிறாள். பையனை எழுப்பிக் காட்டுங்கள்.

ஆனால் சீக்கிரம். மூன்றும் சேர்ந்து தின்றுவிடும், பெற்றவள் உட்பட. இரண்டு ஆண் ஒரு பெண் என்பது அவளுக்குச் சித்திரவதை. முதலில் கேசரியை மெல்ல வலையில் எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றின பெரிய வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு இன்றைக்கு முழுக்கத் தனியாக விடுங்கள். நாளைக்குத் தொட்டிக்குக் குறுக்கே பிளாஸ்டிக் வலைத் தடுப்பு வைத்துத் திரும்ப விடலாம். செதில் விழுந்த இடத்துக்கு மருந்து வேண்டாம், நல்ல தண்ணீரே ஆற்றிவிடும்.

செடியிலும் ஸ்பாஞ்ச் மேலும் கூட முட்டை இருக்கும், பாருங்கள். முட்டை ஒட்டின செடியை அப்படியே ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரோடு வையுங்கள். கண்ணாடியில் இருப்பதைப் பழைய ஏ.டி.எம். கார்டு விளிம்பால் மெல்லச் சுரண்டினால் வரும். ஏர் மெல்லமாக வரட்டும்.

அந்த மெத்திலீன் புளூ பாட்டில் இன்னும் இருக்கிறதா? இப்போதுதான் அதற்கு வேலை. டப்பில் மட்டும், தண்ணீர் வெளிர் நீலமாகத் தெரிகிற அளவுக்கு ஒன்றிரண்டு சொட்டு. கருவுறாத முட்டையில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்குப் பரவும், அதை இது தடுக்கும். நாளைக்கு எது பால் வெள்ளையாக மாறுகிறதோ அதைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கண்ணாடி மாதிரி இருந்து உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது குஞ்சின் கண். 26 டிகிரியில் மூன்று நாள் வாக்கில் பொரிக்கும். பொரித்த முதல் இரண்டு நாள் தீனி போடாதீர்கள், வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவையே தின்னும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் மாதிரியான உயிரி) முட்டை ஒரு டப்பா எடுத்து வைக்கிறேன், பையனோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.